நொதியின் வல்லமை

சோற்றை நெடுநேரம் மென்றால் நாவில் மெல்லிய இனிப்புத் தோன்றும். உமிழ்நீரில் உள்ள ஒரு நொதி, மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதே அதற்குக் காரணம். இவ்வாறு உடலில் நிகழும் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தி, வினை முடிந்தபின் தாம் மாறாது நிற்கும் பொருள்களே நொதிகள் எனப்படும். 1926ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சம்னர் என்னும் அமெரிக்க அறிஞர், ஒருவகை அவரை விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டினார்.

உணவைச் செரிக்கச் செய்வது மட்டுமே நொதிகளின் தொழில் அன்று. பால் ஹார்மோன்களை ஆக்குவனவும் அவையே. ஹார்மோன் என்பது செய்தி கொண்டு செல்லும் தூதுவனைப் போன்றது. பெரும்பாலும் அது சுரப்பியில் தோன்றிக் குருதி வழியே சென்று, பிற உறுப்புகளின் செயலை நெறிப்படுத்தும். டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண்பால் ஹார்மோன். எஸ்ட்ரடையோல் என்பது பெண்பால் ஹார்மோன். பெயர் இவ்வாறாயினும், இருபாலார் உடலிலும் இவ்விரண்டும் உள்ளன. அளவே வேறுபடும்.

இவ்விரண்டும் பகைப்பொருள்கள் அல்ல. தாயும் சேயும் போன்றவை. டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறில் 19 கரியணுக்கள் உள்ளன. பொற்கொல்லர் ஓர் அணியில் சிறு துணுக்கை நறுக்கி வேறோர் அணியாக்குவதுபோல, அரோமட்டேஸ் என்னும் நொதி அவற்றுள் ஒன்றை நீக்கி, ஒரு வளையத்தின் அமைப்பையும் மாற்றிவிடுகிறது. எஞ்சுவது 18 கரியணுக்கள் கொண்ட எஸ்ட்ரடையோல். குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீம் என்னும் இரும்புச் சேர்மம் இந்நொதியிலும் அமைந்துள்ளது.

இந்நொதி சூலகத்தில் மட்டும் இருப்பதன்று. கொழுப்புத் திசு, எலும்பு, மூளை, தோல், நஞ்சுக்கொடி ஆகியவற்றிலும் உள்ளது. எனவே, அத்திசுக்கள் தமக்கு வேண்டிய ஹார்மோனைத் தாமே ஆக்கிக்கொள்ள வல்லன.

இதன் இன்றியமையாமையை ஓர் இளைஞரின் வரலாறு விளக்கும். அமெரிக்க மருத்துவர்கள் 1995ஆம் ஆண்டில் அவரைப் பற்றிய ஆய்வினை வெளியிட்டனர். அவருக்கு அகவை 24. உயரம் 204 சென்டிமீட்டர். ஆயினும், அவருடைய எலும்புகள் 14 அகவைச் சிறுவனின் எலும்புகளைப் போல் முதிராதிருந்தன, வலிமையும் குன்றியிருந்தன. அவர் குருதியில் ஆண்பால் ஹார்மோன் குறைவின்றி இருந்தது. அரோமட்டேஸ் நொதியோ பிறவியிலேயே செயலற்றிருந்தது. எஸ்ட்ரோஜன் மருந்து அளித்தபின் அவர் வளர்ச்சி நின்றது. எலும்புகள் உறுதி பெற்றன. ஆடவரின் எலும்பு முதிர்வதற்கும் பெண்பால் ஹார்மோன் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

அதே ஹார்மோன் சில வேளைகளில் தீமைக்கும் துணை போகிறது. மார்பகப் புற்றுநோய்களுட் பல அதனைக் கொண்டே வளர்கின்றன. 1896ஆம் ஆண்டில் ஜார்ஜ் பீட்சன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர், சூலகங்களை அகற்றினால் நோய் தணிதல் கூடும் என்று அறிவித்தார். ஆனால், மாதவிடாய் நின்ற மகளிரின் சூலகம் ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. அதன் பின்னரும் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் அந்த ஹார்மோனை ஆக்கிக்கொண்டே இருக்கிறது. அந்நொதியையே தடுத்தால் என்ன? இவ்வினாவை எழுப்பி, 1970களில் அதற்குரிய மருந்தை ஆராய்ந்து கண்டவர் ஏஞ்சலா பிரோடி என்னும் பெண் அறிஞர். அவ்வழியில் பின்னர்த் தோன்றிய லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் முதலிய மருந்துகள் இன்று பல நாடுகளில் பயன்பட்டு வருகின்றன.

எனினும், இம்மருந்துகளை உண்போரின் எலும்பு வலிமை குறைதல் கூடும். ஆதலின், மருத்துவர் நோயைத் தடுப்பதோடு எலும்பின் நலத்தையும் ஆராய்ந்து காப்பர். அந்த இளைஞருக்கு இல்லாமையால் குறை நேர்ந்தது. இந்நோயாளருக்கு இருத்தலால் இடர் நேர்ந்தது. நொதி ஒன்றே. எவருக்கு, எப்பொழுது, எவ்வளவு வேண்டும் என்று அறிவதே மருத்துவ அறிவின் பயனாகும்.