ஐம்பது கிலோ வித்தியாசம்

இரண்டே இருக்கைகள், கையால் பின்னுக்குத் தள்ளி மடக்கும் துணிக்கூரை, பொத்தானைத் தட்டினால் பானெட்டிலிருந்து எழும் முகப்பு விளக்குகள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 இப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயர்களில் விற்றது. நம் ஊரில் மாஸ்டா என்றதும் பலருக்குச் சுவராஜ் மாஸ்டா வேன்தான் நினைவுக்கு வரும். ஆனால் உலகிலேயே மிக அதிகம் விற்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் பதிவில் இருப்பது இந்தச் சின்ன வண்டிதான். 2016 ஏப்ரலில் ஹிரோஷிமா ஆலையிலிருந்து பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 வெளிவந்தது. 1997 வரை தயாரான முதல் தலைமுறை வண்டிகளுக்கு இப்போது வயது முப்பதை ஒட்டியோ தாண்டியோ ஆகிவிட்டது. குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலைகளில் ஓடிய பிரிட்டன் வண்டிகளில் கதவுக்குக் கீழே உள்ள சட்டம் உள்ளிருந்தே துருவேறிப் போகிறது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அலுத்த உரிமையாளர்கள் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்குப் பதிலாக எதை வாங்குவது?

கேள்வி எளியது. அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் இரண்டு பதில்களும்தான் ஆளை வழி தவறச் செய்கின்றன. ஒன்று, அதே பெயர்ப்பலகை மாட்டிய அடுத்த மாடலை வாங்கிவிடு என்பது. மற்றது, இத்தனை வருடம் சின்ன எஞ்சினோடு ஓட்டியாயிற்று, இனியாவது அதிகக் குதிரைத்திறன் உள்ளதாகப் பார் என்பது. பழைய வண்டியில் மனம் எங்கே ஒட்டியிருந்தது என்று இரண்டுமே விசாரிப்பதில்லை. பெயருக்கும் திறனுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: வண்டி எத்தனை கிலோ, எந்த வேகத்தில் அது ஓட்டுபவரோடு பேசத் தொடங்குகிறது. இவை பழைய வண்டிக்கு நெருக்கமாக அமைந்தால், வேறு நிறுவனத்தின் காராக இருந்தாலும் அது வாரிசுதான். அமையாவிட்டால் சொந்தப் பெயரோடு வந்தாலும் அந்நியன்தான்.

எடையிலிருந்து தொடங்குவோம். ஜப்பானில் விற்ற அடிப்படை மாடல்களின் கணக்குப்படி முதல் எம்எக்ஸ்-5 சுமார் 940 கிலோ. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை 1,090 கிலோவைத் தொட்டது. அதை மட்டமான வண்டி என்று சொல்ல முடியாது. உறுதியானது, வசதியானது, வேகமும் கூடியது. ஆனாலும் பழைய உரிமையாளர்களில் பலர் அதை மதித்தார்களே தவிர நேசிக்கவில்லை. மாஸ்டா இதைக் கவனித்திருக்க வேண்டும். 2015இல் வந்த நான்காம் தலைமுறைக்கு இரும்பையும் அலுமினியத்தையும் கிராம் கிராமாகக் கணக்குப் பார்த்துக் குறைத்து, மிக எளிய மாடலை 990 கிலோவுக்கு இறக்கியது. இருபத்தாறு வருட இடைவெளியில், காற்றுப்பைகளும் மோதல் விதிகளும் இத்தனை கூடிய பிறகும், முதல் வண்டியைவிட ஐம்பது கிலோதான் அதிகம். 1976இல் ஃபோக்ஸ்வேகன் கொண்டுவந்த கோல்ஃப் ஜிடிஐ ஏறத்தாழ 810 கிலோ இருந்தது. அதன் இன்றைய வாரிசு 1,400 கிலோவைத் தாண்டுகிறது. இரண்டு கார்களின் எடை ஏற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாஸ்டா பொறியாளர்களின் பிடிவாதம் எவ்வளவு பெரியது என்பது புரியும். எடை ஒரு இடத்தில் ஏறினால் அங்கேயே நிற்பதில்லை. கனமான உடலை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும்; அதை மூடப் பெரிய சக்கரம் வேண்டும்; எல்லாவற்றையும் இழுக்கப் பெரிய எஞ்சின் வேண்டும்; அந்த எஞ்சினைத் தாங்க உடல் இன்னும் கனக்க வேண்டும். முதல் எம்எக்ஸ்-5க்கு 185 மில்லிமீட்டர் அகல டயரும் 14 அங்குலச் சக்கரமும் போதுமாக இருந்தன. பழுது வந்தாலும் டயர் மாற்றினாலும் செலவு குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒல்லி டயரால் செலவு மட்டும் மிச்சமாகவில்லை. பிடிமானம் குறைந்த டயர் தன் எல்லையைச் சீக்கிரம் தொடும். அதாவது மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டரில் ஒரு வளைவு திரும்பும்போதே வண்டி என்ன செய்கிறது என்பது ஓட்டுபவரின் இடுப்புக்கும் உள்ளங்கைக்கும் தெரிந்துவிடும். 2012இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து ஜிடி86 காரைக் கொண்டுவந்தபோது இதைத் தெரிந்தே செய்தார்கள். 200 குதிரைத்திறன் கொண்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு, பிரியஸ் போன்ற சிக்கனக் காருக்குப் போடும் வகை மிஷெலின் டயரைப் பொருத்தினார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அதிகப் பிடிமானம் தரும் அகல டயரில் 120இல் கிடைக்கும் சுகத்தை ஒல்லி டயர் 70இல் தந்துவிடுகிறது. பொதுச் சாலையில் சட்டமும் எதிரே வரும் பஸ்ஸும் அனுமதிப்பது எழுபதைத்தான்.

குதிரைத்திறனைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் போர்ஷே நிறுவனமே சாட்சி. 2016இல் பாக்ஸ்டர் காருக்கு 718 என்ற பெயர் சேர்த்து, ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் வைத்தார்கள். அடிப்படை மாடலின் திறன் 265இலிருந்து 300 ஆக உயர்ந்தது. ஸ்டாப்வாட்ச் கணக்கில் எல்லாமே முன்னேற்றம். வாடிக்கையாளர்களும் விமர்சகர்களும் குறைப்பட்டது சத்தத்தைப் பற்றி. சுற்று ஏற ஏற உயர்ந்துகொண்டே போகும் அந்த ஆறு சிலிண்டர் குரல் போய்விட்டது என்றார்கள். 2020இல் டர்போ இல்லாத 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை ஜிடிஎஸ் மாடலில் போர்ஷே திரும்பக் கொண்டுவந்தது. எண்களில் ஜெயித்த ஒன்றிலிருந்து நிறுவனமே ஓரளவு பின்வாங்கியது என்றால், வாங்குகிறவர்கள் தேடியது எண்ணை அல்ல என்றுதானே பொருள்? மாஸ்டாவும் ஜப்பானில் நான்காம் தலைமுறையின் துணிக்கூரை வண்டிக்குப் பல வருடங்கள் 1.5 லிட்டர் எஞ்சினை மட்டுமே கொடுத்தது, 2.0 லிட்டர் இரும்புக்கூரை மாடலுக்குப் போனது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களில் பலர் பெரிய எஞ்சினைக் கேட்டு வாங்கினார்கள். முதல் தலைமுறையின் சுவையை விரும்புகிறவருக்கு, கிடைக்கும் நாடுகளில், 1.5தான் சரி என்பது என் கணிப்பு.

இதெல்லாம் பழைய நினைவின் மயக்கம், இளமையில் ஓட்டிய எதுவும் இனிக்கத்தான் செய்யும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. பழைய ஸ்டியரிங் பேசும், புதிய மின்சார ஸ்டியரிங் ஊமை என்று பலரும் சொல்வார்கள். ஆனால் இன்று பலர் தலையில் வைத்துக் கொண்டாடும் ஹோண்டா எஸ்2000 காரில் 1999இலேயே மின்சார உதவி ஸ்டியரிங்தான் இருந்தது; அன்று அதைக் குறை சொன்னார்கள், இன்று மறந்துவிட்டார்கள். ஆகவே, பழையதில் இருந்ததெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. எஸ்2000 வைத்திருப்பவர் நேசிப்பது ஸ்டியரிங்கையே அல்ல. 6,000 சுற்றுக்கு மேல் குணம் மாறி 9,000 வரை பாடும் அந்த எஞ்சினை. 2009இல் உற்பத்தி நின்ற அந்தக் காருக்கு ஹோண்டா வாரிசு எதையும் தரவில்லை. எம்எக்ஸ்-5 உரிமையாளருக்குப் பொருந்தும் பதில் எஸ்2000 உரிமையாளருக்குப் பொருந்தாது. 7,500 சுற்றில் நின்றுவிடும் எஞ்சின் அவருக்கு அரைகுறையாகவே படும். நினைவு மயக்கத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே, தெரிந்த அதே சாலையில், அதே நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது. பழையதை விற்ற பிறகு புதியதைத் தேடினால், ஒப்பிடக் கையில் மிஞ்சுவது கற்பனை மட்டும்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பாதுகாப்பு. ஐரோப்பாவுக்கு வந்த ஆரம்பகால எம்எக்ஸ்-5கள் பலவற்றில் காற்றுப்பையும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. வழுக்கும்போது தானே பிரேக் பிடித்துச் சீர்செய்யும் மின்னணு நிலைப்பாட்டுக் கருவி 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பியப் புதுக் கார்கள் அனைத்துக்கும் கட்டாயம். 2015இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் நான்காம் தலைமுறை நான்கு நட்சத்திரம் பெற்றது. இந்த வேறுபாட்டை ரசனை என்ற பெயரில் ஒதுக்கிவிட முடியாது. தினமும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவருக்கு நான் தயங்காமல் புதியதைத்தான் சொல்வேன். இங்கேதான் அந்த ஐம்பது கிலோ என் வாதத்துக்குத் துணை வருகிறது: பாதுகாப்பு வேண்டுமானால் வண்டி குண்டாகியே தீர வேண்டும் என்பது முழு உண்மை அல்ல என்று அது காட்டிவிட்டது.

மாற்றவே வேண்டாம், பழையதையே புதுப்பித்துக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். மாஸ்டா 2017இல் ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளுக்கான முழுச் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. துணிக்கூரை, மரக் கைப்பிடி கொண்ட நார்டி ஸ்டியரிங் சக்கரம், அன்றைய அளவிலும் வடிவிலும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் என்று பலவற்றை மறுபடி தயாரித்தார்கள். நிஸானும் டொயோட்டாவும்கூடத் தங்கள் புகழ்பெற்ற பழைய கார்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்து தருகின்றன. எஞ்சினும் கியர்பாக்ஸும் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்து மாட்டக்கூடியவை. அந்த அளவில் சீரமைப்பே மலிவான வழி. துரு வேறு கதை. அடிச்சட்டத்தில் புகுந்துவிட்டால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கும் கூலியே வண்டியின் விலையை விழுங்கிவிடும். ஆகவே முடிவெடுக்கும் முன் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதைவிட வண்டியைத் தூக்கிவைத்து அடியைத் தட்டிப் பார்ப்பது முக்கியம். அடி திடமாக இருந்தால் வாரிசைத் தேடும் அவசியமே இல்லை.

மின்சாரக் காரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர், லோட்டஸ் எலீஸ் என்ற இறகு எடைக் காரின் அடிப்படையில் உருவானது. அதன் பேட்டரி மட்டும் சுமார் 450 கிலோ. முதல் எம்எக்ஸ்-5 எடையில் கிட்டத்தட்ட பாதி. பேட்டரிகள் அதற்குப் பிறகு நிறையத் தேறியிருக்கின்றன, இன்னும் தேறும். ஆனால் இன்று வாங்கக் காத்திருப்பவருக்கு அது பதில் அல்ல.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஜிடி86இன் வாரிசான ஜிஆர்86, பின்னிருக்கையும் மூடிய கூரையும் வேண்டுபவருக்கு நல்ல தேர்வு, 2.4 லிட்டர் எஞ்சினால் முன்னதன் இழுவைக் குறையும் தீர்ந்தது. அதை ஐரோப்பாவில் இரண்டே வருடம் விற்றார்கள். 2024இல் அமலுக்கு வந்த புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றியமைக்க டொயோட்டா முனையவில்லை. அதே ஆண்டு கணினிப் பாதுகாப்பு விதிகளால் பெட்ரோல் 718 மாடல்களில் பெரும்பாலானவையும் அங்கே விற்பனையிலிருந்து போயின. இனி செகண்ட் ஹேண்ட் சந்தைதான். அங்கே விலையை மட்டும் பார்த்துப் பழைய பாக்ஸ்டரை அள்ளிக்கொள்கிறவர்கள் அதன் எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டு பேரிங்கைப் பற்றி விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. அது உடைந்தால் எஞ்சினே போய்விடும், செலவு வண்டி விலையைத் தாண்டும். நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 தேடுகிறவர்கள், உயரமானவர்களாக இருந்தால், 2019 மாடலுக்கு முந்தியவற்றில் ஒரு முறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவற்றில் ஸ்டியரிங்கை மேலும் கீழும் அசைக்கலாம், தன்பக்கம் இழுக்க முடியாது; முழங்காலுக்கு இடம் விட்டு உட்கார்ந்தால் கை எட்டாது, கைக்கு ஏற்ப உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்.