எப்வொர்த் வீட்டுப் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் என்றால் உடனே நம் நினைவுக்கு வருவன மணியும், பெஞ்சியும், கரும்பலகையும், பரீட்சையுந்தான். இவை ஒன்றும் இல்லாமல், சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே, பெற்ற தாயே உபாத்தியாயினியாக இருந்து ஒரு பள்ளிக்கூடம் நடத்த முடியுமா என்று கேட்டால், நம்மில் பலர் நகைப்பார்கள். ஆயினும் அமெரிக்காவில் இன்று லட்சக்கணக்கான குழந்தைகள் வீட்டிலேயேதான் கல்வி பயில்கின்றனர். அவர்களுடைய பெற்றோருள் கிறிஸ்தவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையோர் மிகப் பலர். காலை ஜெபம், வேத வாசிப்பு, பிறகு கணக்கும் இலக்கணமும், உண்பதற்கு முன் ஆண்டவனுக்கு நன்றி கூறல் என்று அவ்வீடுகளில் பொழுது செல்கிறது. இத்தகைய குடும்பங்கள் முன்மாதிரியாகப் போற்றும் பெண்மணிகளுள் முதன்மையானவர் ஸூஸன்னா வெஸ்லி. ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தத் தாயின் கதையை நம் நேயர்கள் அறிந்துகொள்வது பயனுடையது. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

ஸூஸன்னா அம்மையார் 1669-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் பிறந்தார். தந்தையார் கல்விமானாகிய ஒரு போதகர். அவருக்கு இவர் இருபத்தைந்தாவது குழந்தை! 1688-இல் ஸாமுவேல் வெஸ்லி என்பவரை மணந்தார். லிங்கன்ஷயரில் சதுப்பு நிலங்களுக்கு நடுவேயுள்ள எப்வொர்த் என்னும் சிற்றூருக்கு ஸாமுவேல் பாதிரியாராகச் சென்றார். அம்மையார் பெற்ற குழந்தைகள் பத்தொன்பது. அவர்களுள் ஒன்பது பேர் சிசுப் பருவத்திலேயே மாண்டனர். எஞ்சிய பத்துப் பேருக்கும் முதல் ஆசான் தாயே. மெதாடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியும், ஆயிரக்கணக்கான ஞானப் பாட்டுகளை இயற்றிய சார்லஸ் வெஸ்லியும் இந்த வீட்டுப் பள்ளிக்கூடத்தின் மாணாக்கர்களே.

பள்ளிக்கூடம் காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை. பிறகு இரண்டு முதல் ஐந்து வரை. ஒரு குழந்தைக்கு ஐந்து வயது நிறையும் வரையில் எழுத்தறிவிப்பதில்லை. ஐந்து நிறைந்த மறுநாள் அக்ஷராப்பியாசம். முதல் நாள் முடிவதற்குள் ஆங்கில நெடுங்கணக்கு முழுவதும் கற்றாகவேண்டும். இரண்டு பெண் குழந்தைகளுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்ததாம். அதனால் அவர்கள் மந்தபுத்தியுடையவர்கள் என்று தாம் எண்ணியதாக அம்மையாரே எழுதி வைத்திருக்கிறார்! எழுத்துத் தெரிந்தவுடன் பாலபாடம் வேறு கிடையாது. வேதாகமத்தின் முதற் பகுதியாகிய ஆதியாகமத்தின் முதல் வசனமே முதல் பாடம்.

எழுத்துக்கு முன்பே வேறொரு பாடம் தொடங்கிவிடும். பேச்சு வருவதற்கு முன்பே, முழந்தாளிடப் பழகுவதற்கு முன்பே, குடும்ப ஜெபத்தின்போது குழந்தைகள் அமைதியாக இருக்கவும், ஜெபம் முடிந்ததும் கைச்சாடையால் ஆசீர்வாதம் வேண்டவும் பழக்கப்பட்டார்கள். மழலை மொழி வந்ததும் துயிலெழும்போதும் உறங்கப் போகும்போதும் சொல்ல ஒரு பிரார்த்தனை கற்பிக்கப்பட்டது. நம் இல்லங்களில் சுவாமி படத்துக்கு முன்னே, "உம்மாச்சி கும்பிடு" என்று குழந்தையின் பிஞ்சுக் கரங்களைத் தாய் குவித்துவிடுவது போன்றதே இது. சமயம் வேறாயினும் தாயின் கை ஒன்றுதான்.

அந்த வீட்டுச் சட்டங்களிற் சில இன்றும் கவனிக்கத் தக்கவை. செய்த குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் குழந்தைக்கு அடி கிடையாது. ஏனெனில் அடிக்கு அஞ்சித்தான் குழந்தைகள் பொய் சொல்லப் பழகுகிறார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனை இல்லை. அதைப் பிற்பாடு சொல்லிக் காட்டலும் ஆகாது. மற்றொருவர் பொருளை, அது ஒரு குண்டூசியே ஆனாலும், கேளாமல் எடுக்கலாகாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எந்தப் பெண் குழந்தையும் நன்றாக வாசிக்கக் கற்பதற்கு முன் தையல் முதலிய வேலைகளில் இடப்படலாகாது. பெண்களுக்கு ஊசியும் நூலும் போதும் என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில் ஒரு கிராமத்துத் தாய் வகுத்த சட்டம் இது!

இவ்வளவையும் படிக்கும் நேயர்கள், செல்வமும் ஓய்வும் நிறைந்த மாளிகை ஒன்றை மனத்திற் கற்பனை செய்துகொள்ளலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. பாதிரியாருக்குக் கடன் தொல்லை தீர்ந்த நாளே இல்லை. 1705-இல் முப்பது பவுனுக்கும் குறைந்த ஒரு கடனுக்காக அவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். வீட்டிலிருந்த அம்மையார், அனுப்புவதற்கு வேறொன்றும் இல்லாமையால், தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். அவர் அவற்றை ஏற்க மனமின்றித் திருப்பி அனுப்பிவிட்டார். அதே ஆண்டில் ஊரிலிருந்த பகைவர்கள் இரவில் வந்து, குடும்பத்துக்குப் பால் தந்துகொண்டிருந்த மூன்று பசுக்களையும் கத்தியாற் குத்தினார்கள்.

யார்க் நகரத்து ஆர்ச்பிஷப் ஒரு சமயம் அம்மையாரைப் பார்த்து, உண்மையிலேயே உணவுக்கு இல்லாமல் இருந்ததுண்டா என்று வினவினார். ரொட்டி அடியோடு இல்லாமற் போனதில்லை என்று அம்மையார் ஒப்புக்கொண்டார். ஆனால் உண்பதற்கு முன் அதைத் தேடுவதற்கும், உண்ட பின் அதற்குப் பணம் கொடுப்பதற்கும் பட்ட கவலையில், உண்ட ரொட்டியே கசந்துபோனதுண்டு என்றும் ஒளியாமல் கூறினார். இந்த விடையை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆண்டவன் தந்ததை இல்லையென்று அவர் சொல்லவில்லை. பட்ட துன்பத்தை இல்லையென்று மறைக்கவும் இல்லை. நன்றி என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று.

1709-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒன்பதாம் தேதி இரவு அவ்வீடு தீப்பற்றி எரிந்தது. குழந்தைகளை வெளியேற்றி எண்ணிப் பார்த்தபோது ஐந்து வயது ஜானைக் காணவில்லை. மாடிச் சாளரத்தில் குழந்தையின் முகம் தெரிந்தது. ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவன் தோள்மீது மற்றொருவன் ஏறி நின்று குழந்தையை இழுத்தெடுத்தான். அடுத்த கணம் கூரை உள்ளே விழுந்தது. புத்தகங்களும் துணிமணிகளும் சாம்பலாகிக் கொண்டிருக்கையிலே, தந்தையார் அண்டை வீட்டாரை அழைத்து முழந்தாளிடச் செய்து, எட்டுக் குழந்தைகளும் பிழைத்தன, வீடு போனாற் போகட்டும் என்று கடவுளுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினார்.

ஆனால் எரிந்த வீட்டின் முன் நன்றி சொல்வதைக் காட்டிலும் கடினமானது, அதற்கு மறுநாளிலிருந்து வாழ்க்கை நடத்துவது. குழந்தைகள் பல வீடுகளில் பிரித்து வைக்கப்பட்டார்கள். அங்கே வேலையாட்களோடு திரிந்து, கண்டபடி பேசவும் பாடவும் கற்றுக்கொண்டார்கள். பல ஆண்டுகளாகப் பழக்கிய ஒழுங்கெல்லாம் கலைந்தது. வீட்டை மறுபடி கட்டி, குழந்தைகளை ஒன்று சேர்த்ததும், அம்மையார் முதலிலிருந்து தொடங்கினார். அப்போதுதான் ஒரு புது வழக்கம் ஏற்பட்டது. காலையும் மாலையும் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் எல்லாரும் சேர்ந்து சங்கீதம் பாடவேண்டும். மாலை ஐந்து மணிக்கு மூத்த குழந்தை பேசத் தெரிந்த கடைசிக் குழந்தையையும், இரண்டாவது குழந்தை அதற்கு அடுத்ததையும் இவ்வாறே அழைத்துச் சென்று, அன்றைய சங்கீதங்களையும் வேதத்தில் ஓர் அத்தியாயத்தையும் படித்துக் காட்டவேண்டும். துதிப் பாட்டு அவ்வீட்டில் அன்றாட வழக்கமானது செழிப்பான நாளிலன்று. எல்லாம் எரிந்துபோன பிறகுதான்.

இனி நம் நாட்டின் பங்கைச் சொல்லுவோம். 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார், டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நம் சிறுவர்களோடு சிறுவராக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் நெடுங்கணக்கைக் கற்றவர் அவர். அவரும் அவருடைய தோழரும் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் புத்தகமாக வெளிவந்தன. பாதிரியார் லண்டன் சென்றிருந்த சமயம், மகள் எமிலி அந்தப் புத்தகத்தைத் தந்தையாரின் அறையிற் கண்டெடுத்தாள். அதைப் படித்த அம்மையாருக்குப் பல நாள் வரை வேறு நினைவே இல்லை. கடல் கடந்து போய் அன்னியருக்காக அவர்கள் இவ்வளவு உழைக்கும்போது, நம் வீட்டுக் குழந்தைகளுக்காக நாம் இன்னும் அதிகம் செய்யலாகாதா என்று எண்ணினார். 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரிக்கிறார்.

அவர் செய்த ஏற்பாடு எளியது. ஒவ்வோர் இரவும் ஒரு குழந்தையுடன் தனித்து உட்கார்ந்து பேசுவது. திங்கட்கிழமை மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்ஸி, வியாழன் ஜாக்கி என்ற ஜான், வெள்ளி பாட்டி (பெயர்தான் பாட்டி, ஐந்தாறு வயதுச் சிறுமி!), சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் ஸூக்கியும். பத்துக் குழந்தைகள் உள்ள வீட்டில், தாய் தனக்கு மட்டுமே சொந்தமாக இருக்கும் ஒரு பொழுது! ஜான் வளர்ந்து, ஆக்ஸ்போர்டு கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த பின்னும் அதை மறக்கவில்லை. அந்த வியாழக்கிழமை மாலையிற் சிறு பகுதியையேனும் தமக்காக ஒதுக்கவேண்டும் என்று தாய்க்குக் கடிதம் எழுதினார்.

இந்த வீட்டில் எல்லாம் போற்றத்தக்கவை என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு வயது நிறைந்ததுமே பிரம்புக்கு அஞ்சவும், ஓசையின்றி அழவும் குழந்தைகள் பழக்கப்பட்டார்கள். குழந்தையின் பிடிவாதத்தை முதலில் வென்றாகவேண்டும் என்பது தாயின் கொள்கை. அதை நம் இல்லங்களுக்கு நாம் சிபார்சு செய்யமாட்டோம். மேலும், கல்வியிற் சிறந்து கவிதையும் புனைந்த ஹெட்டி, ஒரு பிழைக்காகத் தந்தையின் கோபத்துக்கு ஆளாகி, 1725-இல் தனக்குச் சற்றும் பொருந்தாத ஒருவனை மணந்து துன்புற்றாள். தந்தை கடைசிவரை மனம் இளகவில்லை. பெண்ணுக்கு எழுத்தைக் கொடுத்த வீடு, அவள் இடறி விழுந்தபோது கை கொடுக்கவில்லை. குழந்தையின் குற்றத்தைச் சொல்லிக் காட்டலாகாது என்ற சட்டத்தை அங்கே வளர்ந்த பெண்ணுக்கும் நீட்டியிருக்கலாகாதா?

1742-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அம்மையார் லண்டனில் மரணப் படுக்கையில் இருந்தார். உயிர் பிரிந்தவுடன் கடவுளைத் துதித்து ஒரு சங்கீதம் பாடுங்கள் என்பதே அவர் தம் மக்களுக்கு இட்ட கடைசிக் கட்டளை. ஜானும் சகோதரிகளும் கட்டிலைச் சுற்றி நின்று அவ்வாறே பாடினார்கள். பள்ளி முடியும் வேளையிற் சங்கீதம் பாடுவதுதானே அந்த வீட்டு வழக்கம்!

நம் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் போகிறோம், அனுப்பவும் வேண்டும். ஆனால் நன்றி என்னும் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் நமக்காக நடத்தித் தராது. அதற்குப் பணம் வேண்டியதில்லை. பெரிய வீடும் வேண்டியதில்லை. உண்ணும் முன் ஒரு கணம் கை குவிப்பதும், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைக் குழந்தைக்கென்றே ஒதுக்குவதும் எந்த மதத்தினருக்கும் எட்டக்கூடியவையே. நம் வீட்டுக் குழந்தைக்கு எந்தக் கிழமை உரியது என்பதை நேயர்கள் இன்றிரவே தீர்மானித்துவிடலாம்.