சுவரொட்டியும் காய்கறித் தோட்டமும்

நுழையும்முன்

சுவரொட்டியை யாரும் தேடிச்சென்று படிப்பதில்லை. வழியில் செல்வோரின் கண்ணில் அது படுகிறது. அந்தச் சில நொடிகளில் ஒருவரைத் தம் வீட்டுக் கொல்லையில் விதை ஊன்றத் தூண்ட முடியுமா? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் அம்முயற்சியில் ஈடுபட்டது. படச் சுவரொட்டியை வடிவமைக்கும் முறையை அந்த வரலாற்றின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

தேவை தந்த கலை

பிரிட்டன் தன் உணவுத் தேவையில் பாதிக்கும் மேலானதைக் கடல்வழியே பெற்றுவந்த தீவுநாடு. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கின. உணவு ஏற்றிவந்த கப்பல்களோடு மாலுமிகள் பலரும் மடிந்தனர். எனவே, உள்நாட்டிலேயே காய்கறி விளைவிப்பது உயிர்காக்கும் செயலாயிற்று. அந்நாட்டின் வேளாண் அமைச்சகம் ‘வெற்றிக்காகத் தோண்டுவோம்’ என்று பொருள்படும் முழக்கத்துடன் பரப்புரையில் இறங்கியது. புல்வெளிகள் காய்கறிப் பாத்திகளாயின. இலண்டன் கோட்டையைச் சூழ்ந்த அகழியிலும் காய்கறிகள் பயிரிடப்பட்டன. மக்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட சிறு தோட்டத் துண்டுகள், ஏறத்தாழ 8 இலட்சத்திலிருந்து 14 இலட்சமாகப் பெருகின.

ஒரு படம், ஒரு கருத்து

அக்காலச் சுவரொட்டிக் கலைஞர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஏப்ரம் கேம்ஸ். 1914இல் இலண்டனில் பிறந்த அவர், போர்க்காலத்தில் அரசின் சுவரொட்டி வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். குறைந்த கூறுகளைக் கொண்டு நிறைந்த பொருளை உணர்த்துவதே அவரது கொள்கை.

‘கப்பல்களை அன்று, மண்வெட்டிகளைப் பயன்படுத்துக’ என்னும் பொருளில் அவர் உருவாக்கிய சுவரொட்டி இதற்குச் சான்று. அதில் மண்வெட்டியின் வடிவமும் கப்பலின் வடிவமும் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. கொல்லையில் நிற்பவர் தொலைகடலில் செல்லும் கப்பலைக் காண்பதில்லை. தாம் விளைவிக்கும் கிழங்கு ஒரு கப்பலின் சுமையைக் குறைக்கும் என்பதும் அவருக்கு எளிதில் தோன்றுவதில்லை. அவர் கையிலுள்ள கருவியையும் கடலிலுள்ள கப்பலையும் ஒரே உருவாக்கி அத்தொடர்பைப் படம் புலப்படுத்திவிடுகிறது. இறக்குமதிக் கணக்குகளை வரிவரியாக எழுதியிருந்தால், நடந்து செல்பவர் நின்று படித்திருக்கமாட்டார்.

வேறுவகைப் படங்களும் பயன்பட்டன. கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் கைகால் கொடுத்து, உணவு அமைச்சகம் அவற்றை வேடிக்கையான பாத்திரங்களாக்கியது. அவை சிறுவர்களையும் கவர்ந்தன.

வடிவமைக்கும் முறை

பார்ப்பவர் என்ன செய்யவேண்டும் என்பதை முதலில் ஒரே வினைச்சொல்லில் முடிவுசெய்தல் வேண்டும். ‘விதையுங்கள்’ என்பது தெளிவான வினை. ‘உடல்நலம், சிக்கனம், சுற்றுச்சூழல் ஆகியவற்றைப் பேணுங்கள்’ என்பது பார்ப்பவரின் கவனத்தைச் சிதறடிக்கும்.

அடுத்து, அவ்வினையையும் அதன் பயனையும் சேர்த்துக் காட்டும் படத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். முதல் வரைவைச் சிறிதாக வரைதல் நன்று. ஓர் அங்குல உயரத்திலேயே கருத்து விளங்கவேண்டும் என்பார் கேம்ஸ். சிறிய அளவில் விளங்காத படத்தைப் பெரிதாக்குவதால் தெளிவு வந்துவிடாது.

எழுத்துகள் சிலவாகவும் தொலைவிலிருந்து படிக்கத்தக்கனவாகவும் அமைதல் வேண்டும். வெளிர்நிறப் பின்னணியில் அடர்நிற எழுத்து எளிதில் புலப்படும். படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் வீணன்று. அது பார்வையைப் படத்தின்மீது குவிக்கிறது.

படத்திலுள்ள பொருள் பார்ப்பவரின் வாழ்வில் உள்ளதாக இருத்தலும் இன்றியமையாதது. பிரிட்டன் சுவரொட்டிகளில் காணப்படுவது காலால் அழுத்தி மண்ணைப் புரட்டும் கருவி. நம் உழவர் கையில் இருப்பதோ ஓங்கிக் கொத்தும் மண்வெட்டி. அயல்நாட்டுப் படத்தை அப்படியே நகலெடுத்தால், நம்மூர்ச் சுவரில் அது அயலாகவே நிற்கும். அவரைப் பந்தலும் மாடியில் தொட்டியில் வளரும் கத்தரியும் நம் மக்களுக்கு உடனே புரியும்.

படத்தின் பொறுப்பு

சுவரொட்டி ஆர்வத்தைத் தூண்டும். வேளாண்மையைக் கற்பிக்க அதில் இடமில்லை. இதனை உணர்ந்த வேளாண் அமைச்சகம், சுவரொட்டிகளுடன் வழிகாட்டித் துண்டறிக்கைகளையும் வெளியிட்டது. 90 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள நிலத்தில் எதனை எங்கே, எப்போது பயிரிடுவது என்பதற்கான திட்டமும் வழங்கப்பட்டது. ஆண்டு முழுவதும் காய்கறி கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம்.

ஆடிப்பட்டத்தில் ஊன்றவேண்டிய அவரையையும் புடலையையும் காலமறியாது கோடையில் ஊன்றியவர், செடி வாடக்கண்டு தோட்டத்தையே கைவிடக்கூடும். பருவத்தையும் விதை கிடைக்கும் இடத்தையும் ஒரு சிறுவரியில் சேர்த்தால் அவ்விழப்பைத் தவிர்க்கலாம். மேலும், சிறு தொட்டியில் பெரும் பூசணி காய்ப்பதுபோல் மிகைப்படுத்தி வரைவதும் தவறு. அதனை நம்பி நட்டவர் ஏமாற்றமடைவார். அடுத்த சுவரொட்டியையும் அவர் நம்பமாட்டார். படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அது தரும் வாக்குறுதி தோட்டத்தில் மெய்ப்படவும் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் இப்பருவத்தில் விதைக்கக்கூடிய காய்கறி ஒன்றை அனுபவமுள்ள உழவரிடம் கேட்டறிக. அதனை வளர்க்கத் தூண்டும் படச் சுவரொட்டியை ஐந்து சொற்களுக்கு மிகாமல் வடிவமைக்க. பத்தடி தொலைவில் நிற்கும் நண்பருக்கு ஐந்து நொடி மட்டும் காட்டி, அவர் புரிந்துகொண்டதை எழுதச்செய்து, உங்கள் கருத்துடன் ஒப்பிட்டுத் திருத்துக.