எஞ்சினுக்கும் நாடி பார்க்கலாம்

தென் கொல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் கூடுமிடம் கரியாஹாட் சந்திப்பாகும். புடவைக் கடைகளும் நடைபாதை வணிகர்களும் நிறைந்த இவ்விடத்தில், துர்க்கா பூசைக்கு முந்தைய வாரங்களில் ஊர்திகள் ஊர்ந்தே செல்லும். நின்று நின்று நகரும் கார்களின் எஞ்சின்கள் காலப்போக்கில் தேய்வடைகின்றன. தேய்ந்த எஞ்சினைப் பிரித்து, பழுதான உறுப்புகளை மாற்றி, மீண்டும் பூட்டுவதே எஞ்சின் புதுப்பித்தல் எனப்படும்.

இக்கலை கொல்கத்தாவுக்குப் புதிதன்று. ஹூக்ளி ஆற்றின் மேற்கரையிலுள்ள உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசடர் கார்கள் உருவாயின. பழைய கார்களுக்கென ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் அணிவகுப்பு நடத்திவருகிறது. பழையதைப் பேணும் நகரில் பணிமனைகளுக்கு என்றும் வேலை உண்டு.

கரியாஹாட்டை அடுத்த ஒரு பணிமனையில், டர்போ சார்ஜர் பொருத்திய நான்கு உருளைப் பெட்ரோல் எஞ்சின் ஒன்று புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்வோம். உரிமையாளரிடம் ஒப்படைக்கும் முன் அமுக்கச் சோதனை செய்யப்படுகிறது. நான்கு உருளைகளிலும் முறையே 120, 115, 118, 120 என்னும் அளவுகள் கிடைக்கின்றன. அந்த எஞ்சினின் கையேடோ 150 இருக்க வேண்டும் என்கிறது. உரிமையாளரின் முகம் வாடுகிறது. எஞ்சினை மீண்டும் பிரித்தால் பணமும் நாள்களும் வீணாகும். குறையோடு ஓட்டினாலோ எஞ்சினே கெடும். எது சரியான முடிவு? எண்களைப் படிக்கத் தெரிந்தவரே விடை கூற இயலும்.

அமுக்கம் என்பது யாது?

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால், உள்ளிருக்கும் காற்று விரலைத் தள்ளும். பம்பின் உள்ளே உள்ள தோல் வட்டு தேய்ந்திருந்தால் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும். விரலில் அழுத்தம் குறையும். எஞ்சினிலும் இதுவே நிகழ்கிறது. பிஸ்டன் மேலேறும்போது உருளைக்குள் உள்ள காற்று அமுக்கப்படுகிறது. அக்காற்று தப்பிச் செல்ல மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, பிஸ்டன் வளையங்களின் ஓரம். இரண்டு, வால்வுகளின் இருக்கை. மூன்று, உருளைத் தொகுதிக்கும் தலைப்பகுதிக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட். இம்மூன்றும் காற்றுப் புகாதவாறு அடைத்துள்ளனவா என்பதையே சோதனை காட்டுகிறது. அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு எனக் கணக்கிடுவர். பணிமனைகளில் இதனைப் பி.எஸ்.ஐ. என்பர்.

சோதிக்கும் முறை

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். எரிபொருள் வழங்கலையும் பொறி உண்டாக்கும் மின்னிணைப்பையும் துண்டித்து, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒரு துளையில் அழுத்தமானியைத் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தவாறு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை, ஏறத்தாழ 5 அல்லது 6 அமுக்கங்கள் போதுமானவை. பேட்டரி முழு மின்னேற்றத்துடன் இருத்தல் இன்றியமையாதது. சுழற்சி மெதுவானாலோ, காற்று நுழையும் வழி மூடியிருந்தாலோ நல்ல எஞ்சினும் நோயுற்றதாகத் தோன்றும்.

டர்போ எஞ்சினின் தனித்தன்மை

வெளியேறும் புகையின் ஆற்றலால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவியே டர்போ சார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூச்சி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமுக்கச் சோதனையின்போது எஞ்சினில் எரிதல் இல்லை. ஆகவே டர்போவைச் சுழற்றும் ஆற்றலும் இல்லை. எனவே சோதனையில் கிடைக்கும் அளவு டர்போவின் உதவியின்றி எஞ்சின் தானே இழுத்த காற்றின் அளவாகும். டர்போ நல்ல நிலையில் உள்ளதா என்பதை இச்சோதனை கூறாது.

மேலும், பின்னர்க் கூடுதல் காற்று திணிக்கப்படும் என்பதால், டர்போ எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைப் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே வடிவமைப்பர். ஆகவே டர்போ இல்லாத எஞ்சினின் அளவோடு இதனை ஒப்பிடுதல் தவறு. அதே எஞ்சினுக்குரிய கையேடே உரைகல்.

இடமும் கணக்கில் கொள்ளத்தக்கது. கொல்கத்தா கடல்மட்டத்தை ஒட்டியுள்ளது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள டார்ஜிலிங்கில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொல்கத்தாவில் 150 காட்டும் எஞ்சின் அங்கே 120 அளவில் காட்டினால் அது பழுதன்று, மலையின் இயல்பு.

எண்களைப் படித்தல்

முதலில் பார்க்க வேண்டியது எண்களின் ஒற்றுமை. மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் 75 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது பொதுவிதி. சில நிறுவனங்கள் இதைவிடக் கடுமையான வரம்பு வைத்துள்ளன. நம் எடுத்துக்காட்டில் 115-ஐ 120-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 96 விழுக்காடு வருகிறது. நான்கு உருளைகளும் ஒத்திருக்கின்றன. ஆயினும் அனைத்தும் தாழ்ந்துள்ளன.

அனைத்தும் ஒரு சேரத் தாழ்ந்தால், காரணமும் அனைத்துக்கும் பொதுவானதாகவே இருக்கும். பேட்டரி, காற்று வழி, அழுத்தமானி ஆகியவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும். கேம் தண்டின் பல்சக்கரம் ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டிருந்தாலும் வால்வுகள் காலந்தவறி மூடி, அளவு தாழும். இவையெல்லாம் சரியாயின், புதிய வளையங்கள் இன்னும் உருளைச் சுவரோடு பொருந்தவில்லை எனக் கொள்ளலாம். அவை உராய்ந்து பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் தேவை. அந்த ஓட்டம் கரியாஹாட் நெரிசலில் நின்று உறுமுவதால் நிறைவேறாது. கிழக்கு மாநகரப் புறவழிச்சாலை போன்ற திறந்த சாலையில், மிதமான சுமையோடு வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டினால் நிறைவேறும்.

ஓர் உருளை மட்டும் தாழ்ந்தால் நிலை வேறு. 150, 145, 150, 95 என்று வந்தால், நான்காவது உருளை 63 விழுக்காடே காட்டுகிறது. அவ்வுருளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். எண்ணெய் வளையங்களைச் சுற்றிப் படிந்து இடைவெளியை அடைக்கும். அளவு நன்கு உயர்ந்தால் குறை வளையத்தில். உயராவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ. எண்ணெயை மிகுதியாக விட்டால் அதுவே இடத்தை அடைத்துப் பொய்யான உயர்வைக் காட்டும். அடுத்தடுத்த இரண்டு உருளைகள் ஒரு சேரத் தாழ்ந்தால், அவற்றுக்கிடையே கேஸ்கட் பழுதாகியிருக்கலாம்.

அளவு மிகுந்தாலும் மகிழ்தல் கூடாது. எஞ்சின் தலையை அளவுக்கு மேல் தேய்த்து மட்டப்படுத்தியிருந்தால் அமுக்கம் கூடும். அதன்மேல் டர்போவும் காற்றைத் திணிக்கும்போது எரிபொருள் முறையின்றி வெடித்துப் பிஸ்டனையே சிதைக்கக்கூடும்.

தவறான தீர்ப்பின் விலை

வளையங்களின் வழியே கசியும் வாயு எஞ்சினின் அடிப்பகுதியில் அழுத்தத்தைப் பெருக்கும். அதனால் டர்போவிலிருந்து வடியவேண்டிய எண்ணெய் தடைபட்டு, அதன் அடைப்புகளைக் கடந்து கசிந்து நீலப்புகையாக வெளிவரும். புகையைக் கண்டதும் டர்போவே கெட்டது என்று முடிவு செய்து, விலைமிகுந்த புதிய டர்போவை வாங்குவோர் உண்டு. நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்றாகிவிடும்.

நம் எடுத்துக்காட்டின் எஞ்சினை உடனே பிரிக்கத் தேவையில்லை. பொதுக் காரணங்களைச் சரிபார்த்து, முறையாக ஓட்டி, மீண்டும் சோதிப்பதே அறிவுடைமை. அளவுகள் உயர்ந்தால் கவலை நீங்கும்; உயராவிடில் அப்போது பிரிக்கலாம். எனவே பணிமனையார் முதல் சோதனையின் எண்களை நாளோடு எழுதி உரிமையாளரிடம் கொடுத்தல் நன்று. ஒரு முறை பார்த்த நாடி ஐயத்தை எழுப்பும். இரு முறை பார்த்து ஒப்பிட்ட நாடியே உண்மையை உரைக்கும்.

சிந்தித்து விடை எழுதுக

1. அமுக்கச் சோதனையில் டர்போ சார்ஜரின் பங்கு ஏன் இல்லை?
2. ஓர் எஞ்சினில் 148, 92, 94, 150 என அளவுகள் கிடைத்தன. குறை எங்கிருக்கலாம்? காரணம் கூறுக.
3. "அளவு மிகுந்தாலும் மகிழ்தல் கூடாது" – விளக்குக.
4. ஒரே ஓர் அளவைக் கொண்டு முடிவெடுத்ததால் நேரும் தவறு ஒன்றை உம் அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டி ஒரு பத்தி எழுதுக.