வாய் தெறிக்காத வெட்டுக்கத்தி

ஒரே லாரிப் பட்டையை, அதாவது லாரியின் வில் பட்டையை, இரண்டாக வெட்டி இரண்டு கொல்லர்களிடம் கொடுத்தால், ஒருவர் அடித்த வெட்டுக்கத்தி பல வருஷம் உழைக்கும்; மற்றவர் அடித்தது முதல் விறகுக்கட்டிலேயே வாய் மடங்கிவிடலாம். இரும்பு ஒன்றுதான். அதற்குக் கொடுத்த சூடும் குளிர்ச்சியும்தான் வேறு. தென்னை மட்டை வெட்ட, வாழைக்குலை இறக்க, சக்கை பிளக்க, விறகு கீற என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் விளைகளில், அதாவது தோட்டங்களில், நாள் முழுக்க ஓடும் இந்தக் கத்திக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அந்தச் சூட்டைக் கையாளும் அறிவுக்கே உரியது. வாங்குபவர் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கைவேலைக் கத்தி வியாபாரம் இன்னும் ஆள் முகம் பார்த்து நடப்பதற்குக் காரணமும் அதுதான்.

வெட்டுக்கத்தி மடக்கும் கத்தி அல்ல. அலகும் காம்பும் ஒரே துண்டு. காம்பு மரப்பிடிக்குள் இறங்கும், பிடி பிளக்காமலிருக்கப் பூண் போடுவார்கள். ஓங்கி வெட்டும்போது தளரக்கூடிய கீல் எதுவும் இதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டும் அலகை வளைக்கப் பார்க்கிறது, கணுவில் பட்டால் வாயைப் பெயர்க்கப் பார்க்கிறது. ஆகவே வாய் கடினமாகவும் முதுகு கொடுத்து வாங்குவதாகவும் இருக்க வேண்டும். லாரிகள் வராத காலத்தில் இதற்காகப் பச்சிரும்பு அலகின் வாயில் உருக்குத் துண்டு வைத்து, உலையில் காய்ச்சி ஒட்ட அடித்தார்கள். இன்று லாரிப் பட்டை அந்த வேலையைக் குறைத்திருக்கிறது. அதில் கார்பன் நூற்றில் சுமார் அரைப் பங்கு முதல் 0.6 பங்கு வரை உண்டு. கடினமேற்ற அது போதும், எளிதில் நொறுங்கும் அளவும் அல்ல. பழந்தமிழ் உருக்கின் புகழை இந்தக் கத்திக்கு மாட்டிவிட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பட்டறையில் கிடப்பது பழைய லாரியின் பட்டை. அதில் குறைவு ஒன்றுமில்லை.

அடித்து உருவம் கொடுப்பது பாதி வேலை, மீதி துவைச்சல், அதாவது காய்ச்சிக் குளிரவைத்துப் பதமேற்றுவது. சிரட்டைக்கரியோ மரக்கரியோ கனலும் உலையில் அலகு செக்கச்செவேலென்று வரும்போது, சுமார் 770 டிகிரியில், காந்தம் அதைப் பிடிப்பதை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே இரும்பின் அணுக்கள் தம் அடுக்கை மாற்றிக்கொண்டு கார்பனுக்கு இடம் கொடுத்திருக்கும். சட்டென்று குளிரவைத்தால் கார்பன் வெளியேற நேரமின்றி உள்ளே சிக்கிக்கொள்ளும். வாய் அசாத்தியக் கடினமாகும், கூடவே கண்ணாடிபோல் உடையும். தேர்ந்த கை அதனால் வாயை மட்டும் முக்கி எடுக்கிறது. முதுகில் இன்னும் சூடு இருக்கும். வாயோரம் ஒரு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் பார்த்தால், முதுகின் சூடு கீழிறங்க இறங்க வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் நகர்ந்து வரும். வெளிர்மஞ்சள் என்றால் 220 டிகிரியை ஒட்டிய சூடு. நீலம் என்றால் 300க்குப் பக்கம். மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், கணுவில் தெறிக்கலாம். நீலத்துக்கு விட்டால் தெறிக்காது, அடிக்கடி தீட்ட வேண்டும். பனையேறியின் பாளை அருவாளுக்கு மஞ்சள் பக்கமும் விறகு கீறும் கத்திக்கு நீலப் பக்கமும் பொருந்தும். எந்த நிறத்தில் முழுதாக முக்குவது என்ற தீர்மானம் சில நொடிகளில் நடக்கிறது. கத்தி எதற்கு என்று கேட்காமல் அதை எடுக்க முடியாது.

ஆலையில் வெப்பமானி இருக்கிறது, ஆயிரம் கத்தியும் ஒன்றுபோல் வருமே என்பது நியாயமான மறுப்பு. கண்ணை நம்பும் வேலையில் ஒரு கத்தி நன்றாகவும் அடுத்தது சுமாராகவும் அமைவது உண்டு. பழைய பட்டைக்குள் ஏற்கெனவே விழுந்த நுண்கீறல் அடித்த பிறகே தெரியவரலாம். துருப்பிடிக்காத எஃகைப் பொறுத்தவரை ஆலைக்கே வெற்றி. அதைக் கடினமாக்க ஆயிரம் டிகிரியை ஒட்டிய, பிசகாத சூடு வேண்டும். கரி உலையில் கண்ணளவில் அது கைகூடாது. காய்கறி அரிய அந்தக் கத்தியே போதும். ரப்பர் மரத்தில் பால் வெட்டவும் ஒரே அமைப்புள்ள ஆலைக் கத்திகள் சரி, அங்கே வேலை எப்போதும் ஒன்றே. முரட்டு வேலை அப்படியல்ல. ஆலை எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதத்தை முடிவு செய்துவிடுகிறது. அது என் விளைக்குப் பொருந்தாவிட்டால் கத்தியை வீசுவதே வழி. கொல்லரின் கத்தி வாய் மடங்கினால் திரும்பிப் போகும், மறுபடி காய்ச்சி அடித்து, முன்பைவிடச் சற்றுக் கடினமாகத் துவைச்சல் பெற்று வரும். வாய் தெறித்தால் அடுத்தமுறை நிறத்தை நீலத்தை நோக்கி நகர்த்துவார். கண்ணளவில் நேரும் பிழை இப்படித்தான் திருத்தப்படுகிறது; விற்றவரும் செய்தவரும் ஒருவராக இருந்தால்தான் இது நடக்கும்.

கத்தி ஆயுதமும்தானே என்ற கேள்வி மிச்சம். ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பட்டியலில் சேர்த்தாலும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று அமைந்தவற்றை விலக்குகின்றன. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளைத் தேடியபோது, வாங்குபவரின் பெயர், முகவரி, தேவை ஆகியவற்றைக் குறித்து வைக்கும்படி பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. தனியாக உலை ஊதும் கொல்லருக்கு இது கூடுதல் சுமைதான். ஆனாலும் கத்தி எதற்கென்று கேட்பது அவருக்குப் புதிதல்ல. துவைச்சலுக்கு அந்தப் பதில் வேண்டியிருக்கிறது. முகம் தெரியாமல் பார்சலில் விற்பவரிடம் அந்தக் கேள்வியே எழுவதில்லை.