உங்களுக்குத் தெரியுமா? வாசகர் வாயில் விழுந்த புத்தகங்கள்!

தடித்தடியான துறைப் புத்தகங்கள் என்றாலே கொட்டாவி வருகிறதா? அவற்றைப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். தூக்கம் பறந்துவிடும்!

★ டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' எழுதி பதிப்பாளரிடம் கொடுத்தார். அச்சாகும் முன்பே அதைப் படித்துப் பார்த்தார் ஒரு பத்திரிகை ஆசிரியர். அவர் சொன்ன யோசனை? இதெல்லாம் இப்போது வேண்டாம், புறாக்களைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள் என்பது! புறா என்றால் எல்லோருக்கும் பிடிக்குமாம்!

★ நல்லவேளை, பதிப்பாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1859 நவம்பர் 24 அன்று புத்தகம் வெளியானது. அச்சடித்தது 1,250 பிரதிகள். வெளியாகும் முன்பே கடைக்காரர்கள் கேட்டது, அடித்ததைவிட அதிகம்!

★ அதைப் படித்து முடித்த விஞ்ஞானி ஹக்ஸ்லி யாரைத் திட்டினார் தெரியுமா? தன்னைத்தான்! இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்றாமல் போயிற்றே, நான் எவ்வளவு மடையன் என்று நொந்துகொண்டார்!

★ 1873. கார்ல் மார்க்ஸ் தன் 'மூலதனம்' நூலில் கையெழுத்துப் போட்டு டார்வினுக்கு அனுப்பினார். அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாள்கள் ஒட்டியே இருக்கும். கத்தியால் கீறினால்தான் படிக்க முடியும். மொத்தம் 822 பக்கம். டார்வின் கீறியது வெறும் 105!

★ அதே 'மூலதனம்' 1872இல் ரஷ்ய மொழிக்குப் போனது. ஜார் மன்னரின் தணிக்கை அதிகாரிகள் புரட்டிப் பார்த்தார்கள். படிக்கவே ஆள் குறைவு, புரிந்துகொள்ள இன்னும் குறைவு என்று சொல்லி அனுமதித்துவிட்டார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 900 பிரதிகள் காலி! 45 வருடம் கழித்து ரஷ்யாவில் என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்!

★ லண்டன் ராயல் சொசைட்டி 1686இல் மீன்களைப் பற்றி ஒரு பிரம்மாண்டமான படப் புத்தகம் போட்டது. வாங்க ஆளில்லை. கையிருப்பு கரைந்தது. மறு வருடமே வந்தது நியூட்டனின் 'பிரின்சிபியா'. அச்சடிக்கக் காசில்லை! கைக்காசு போட்டுக் காப்பாற்றியவர் எட்மண்ட் ஹாலி. ஆமாம், வால்நட்சத்திரத்து ஹாலியேதான்!

★ அந்த ஹாலிக்கு சொசைட்டி சம்பள பாக்கி வைத்திருந்தது. பணத்துக்குப் பதில் என்ன கொடுத்தார்கள்? விற்காமல் கிடந்த மீன் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக!

★ 'பிரின்சிபியா' வந்த புதிதில் கேம்பிரிட்ஜ் தெருவில் நியூட்டன் நடந்து போனாராம். அவரைப் பார்த்த ஒரு மாணவன், இவருக்கும் புரியாத, வேறு யாருக்கும் புரியாத புத்தகத்தை எழுதியவர் இவர்தான் என்றானாம். உலகத்தின் ஆகச் சுருக்கமான மதிப்புரை!

★ கோப்பர்னிகஸ் 1543இல் வெளியிட்ட வானியல் நூலை 'யாருமே படிக்காத புத்தகம்' என்று எழுதினார் எழுத்தாளர் ஆர்தர் கெஸ்லர். வானியல் வரலாற்று ஆய்வாளர் ஓவன் ஜிஞ்சரிச்சுக்குச் சந்தேகம் வந்தது. நாடு நாடாகப் போய்ப் பழைய பிரதிகளைத் தேடிப் பிரித்துப் பார்த்தார். எத்தனை வருடம்? 30! எத்தனை பிரதி? சுமார் 600!

★ அவர் கண்டது என்ன? பிரதிக்குப் பிரதி ஓரங்களில் பொடி எழுத்தில் குறிப்புகள்! அந்தக் காலத்து வானியல் அறிஞர்கள் வரிக்கு வரி படித்துத் தள்ளியிருக்கிறார்கள்! ஜிஞ்சரிச் 2004இல் தனியாக ஒரு புத்தகமே எழுதிவிட்டார். தலைப்பு? 'யாருமே படிக்காத புத்தகம்'!

★ ஒன்றும் ஒன்றும் எத்தனை? கணித மேதைகள் ரஸ்ஸலும் ஒயிட்ஹெட்டும் எழுதிய 'பிரின்சிபியா மேத்தமேட்டிகா'வின் முதல் பதிப்பில் இரண்டு என்ற விடையின் பக்கத்தை எட்டவே 379ஆம் பக்கம் வரை போக வேண்டும்!

★ பத்து வருட உழைப்பு அது. ஆசிரியர்களுக்கு என்ன கிடைத்தது? அச்சுச் செலவின் நஷ்டத்தை ஈடுகட்ட ஆளுக்கு 50 பவுண்டு கைப்பணம் போட்டார்கள்!

★ அந்த நூலின் பிற்பகுதியைப் படித்தவர்கள் என்று ரஸ்ஸலுக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஆறே ஆறு! மூன்று பேர் போலந்துக்காரர்கள், மூன்று பேர் டெக்சாஸ்காரர்கள்!

★ 1929. தத்துவ மேதை விட்கன்ஸ்டைனுக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. கேள்வி கேட்டவர்கள் ரஸ்ஸலும் தத்துவ அறிஞர் மூரும். முடிவில் மாணவரே எழுந்து இருவர் தோளையும் தட்டிக் கொடுத்து, கவலைப்படாதீர்கள், உங்களுக்கு என் ஆய்வேடு புரியப்போவதே இல்லை என்று ஆறுதல் சொன்னார். பட்டமும் கிடைத்தது!

★ கார் என்றொரு ஆங்கிலேயர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காகச் சுமார் 5,000 கணிதத் தேற்றங்களைத் தொகுத்தார். விளக்கம் பெரிதாக ஒன்றும் கிடையாது. கிட்டத்தட்ட ஒரு கைடு! 1903இல் அது கும்பகோணத்தில் ஒரு பள்ளி மாணவன் கையில் கிடைத்தது. அந்த வாசகரால்தான் இன்றைக்கும் காரின் பெயர் நிலைத்திருக்கிறது. அவர் பெயர் ராமானுஜன்!

★ அதே ராமானுஜன், சென்னைத் துறைமுகத்தில் வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தா. ஆங்கிலேயக் கணித மேதை ஹார்டியின் சிறு நூல் ஒன்றைப் படித்தார். 36ஆம் பக்கத்தில் கண் நின்றது. இதற்கு விடை இதுவரை இல்லை என்கிறீர்களே, என்னிடம் இருக்கிறது என்று ஹார்டிக்குக் கடிதம் போட்டார். தேதி 1913 ஜனவரி 16. வாசகர் கடிதம் என்றால் இதுவல்லவோ வாசகர் கடிதம்!

★ ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாகக் குறையும் என்று ஸ்டீபன் ஹாக்கிங்கை எச்சரித்தார்கள். அவர் 'காலத்தின் சுருக்கமான வரலாறு' நூலில் விட்டுவைத்தது ஒன்றே ஒன்று, ஈ = எம்சி ஸ்கொயர். விற்றது 1 கோடிக்கும் மேல்!

★ வாங்கியவர்கள் படித்தார்களா? கணிதப் பேராசிரியர் ஜோர்டன் எலன்பெர்க் 2014இல் விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டார். கிண்டிலில் வாசகர்கள் கோடிட்ட வரிகள் எந்தப் பக்கத்தோடு நிற்கின்றன என்று பார்த்தார். மொத்தப் பக்கங்களில் ஹாக்கிங் நூலுக்குக் கிடைத்தது 6.6 சதவீதம். சுமார் 700 பக்கப் பொருளாதார நூல் எழுதிய பிக்கெட்டிக்கு? வெறும் 2.4!

★ அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனம் 1955இல் ஒரு புத்தகம் போட்டது. உள்ளே தாறுமாறாக வரும் எண்கள் மட்டுமே. எத்தனை? 10 லட்சம்! எண்களை ஏறுவரிசையில் அடுக்கியிருந்தால் தேட வசதியாக இருந்திருக்குமே என்று குறும்பாகக் குறைப்பட்டார் ஒரு வாசகர்!

★ நியூயார்க் பொது நூலகம் முதலில் அதை எந்தத் துறையில் சேர்த்தது தெரியுமா? உளவியல்!

★ படிக்காமலே தலைப்புக்கு மட்டும் கொடுக்கும் பரிசும் உண்டு! விசித்திரத் தலைப்புக்கான டயகிராம் பரிசு. 1978இல் முதல் பரிசு வாங்கிய நூல், நிர்வாண எலிகள் பற்றிய இரண்டாவது சர்வதேசக் கருத்தரங்கின் கட்டுரைத் தொகுப்பு! இரண்டாவது என்றால், முதலாவதும் நடந்திருக்கிறது!

★ 1992இல் வென்றது 'ராட்சதக் கப்பல்களிடமிருந்து தப்புவது எப்படி'. சிறு படகுக்காரர்களுக்காக ஒரு கேப்டன் நிஜமாகவே அக்கறையோடு எழுதியது. வாசகர்கள் விட்டார்களா? இதைப் படித்த பிறகு ஒரு கப்பல்கூட என்மேல் மோதவில்லை என்கிற ரீதியில் போட்டி போட்டுப் பாராட்டித் தள்ளினார்கள்!

★ 30 வருட வெற்றியாளர்களில் மகா விசித்திரம் எது? 2008இல் மக்களே வாக்களித்தார்கள். வென்றது கிரேக்க கிராமத்துத் தபால்காரர்களையும் அவர்களது முத்திரை எண்களையும் பற்றிய நூல்!

★ குரோஷா ஊசியால் வடிவியல் பின்னலாம்! அதைப் பற்றி டைனா டைமினா எழுதிய நூல் 2009ஆம் ஆண்டின் விசித்திரத் தலைப்பு. சிரித்தார்கள் எல்லோரும். 2012இல் அதே நூலுக்கு அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்று தந்தது ஆய்லர் புத்தகப் பரிசு!

★ சுமார் 1637. பழைய கணித நூல் ஒன்றைப் படித்த கணித மேதை ஃபெர்மா ஓரத்தில் ஒரு தேற்றத்தைக் குறித்தார். இதற்கு அருமையான நிரூபணம் வைத்திருக்கிறேன், எழுத இந்த ஓரம் போதாது என்று! நிரூபணம் அச்சேறியது 1995இல், ஆண்ட்ரூ வைல்ஸ் கையால். ஓரத்தில் இடமில்லாததை நிரப்ப ஆனது 358 வருடம்! பிடித்த பக்கம் நூறுக்கு மேல்!

★ கணினி மேதை டொனால்ட் நூத், தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2008 வரை காசோலை அனுப்பி வந்தார். தொகை 2 டாலர் 56 சென்ட். அதை யார் வங்கியில் போட்டார்கள்? பெரும்பாலோர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்!

வீட்டில் பாதியில் நிறுத்திய தடிப் புத்தகம் ஒன்று இருக்கும். அடையாளத் தாள் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 105ஐத் தாண்டியிருந்தால் நீங்கள் டார்வினை ஜெயித்துவிட்டீர்கள்! இந்தப் பகுதியில் பிழை கண்டால் அவசியம் எழுதுங்கள். காசோலை மட்டும் கேட்காதீர்கள்!