ஐடி பிளாக் ஆனால் எவ்வளவு நட்டம்?

சென்னை கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் ஓ.டி., கொரட்டூர், பாடி என்று உணவு டெலிவரிக்கு ஓடும் ஒருவரின் வரவு செலவைப் போட்டுப் பார்ப்போம். ஆர்டருக்கு 40 ரூபாய், நாளுக்கு 25 ஆர்டர் என்று வைத்தால் வரவு 1,000. ஓட்டம் 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் பெட்ரோலுக்கு 270 போய்விடும். மிச்சம் 730. வண்டிக்கான மாதத் தவணை, ஆயில், டயர் எல்லாம் அதற்குள்தான்.

ஒருநாள் காலை ஆப் திறக்காது. ஐடி பிளாக். யார் செய்தது, எதற்கு என்று கேட்டால் சாட்டில் அதே பதில் திரும்பத் திரும்ப வரும். 14 நாள் இப்படிப் போனால் நட்டம் 10,220 ரூபாய்.

இத்தாலியின் பொலோஞா நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று தந்த தீர்ப்பு இங்கே முக்கியம். உணவு டெலிவரி நிறுவனமான டெலிவரூவின் ‘ஃபிராங்க்’ என்ற மென்பொருள், பதிவு செய்த ஷிப்டுக்கு வராதவர்களைத் தரவரிசையில் கீழே தள்ளியது. காய்ச்சலில் படுத்தவரா, வேலைநிறுத்தம் செய்தவரா, சும்மா வராதவரா என்று அது பார்க்கவில்லை. எல்லோரையும் ஒன்றுபோல நடத்துவதே பாகுபாடு ஆகும் என்ற நீதிமன்றம், தொழிற்சங்கங்களுக்கு 50,000 யூரோ தரச் சொன்னது. இரவு இன்சென்டிவ் ஓடும் நேரத்தில் வீடு திரும்ப வேண்டிய பெண்ணின் ரேட்டிங்குக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பேன்.

நம் பக்கத்திலேயே கர்நாடகம் இப்படி ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்காக 2025இல் சட்டம் போட்டுவிட்டது. வேலையிலிருந்து நீக்க 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் வேண்டும். தானியங்கி முறை மதம், சாதி, பாலினம், பிறந்த இடம், ஊனம் பார்த்து ஒதுக்காதபடி நிறுவனம் தடுக்க வேண்டும். தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் நலநிதிக்கும் கட்ட வேண்டும்.

தமிழ்நாடு 2023 டிசம்பரில் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய், மொத்தம் 4 கோடி, சுமார் 1.5 லட்சம் பேருக்குக் குழு விபத்துக் காப்பீடு. நல்ல காரியங்கள்தான். ஆனால் வாரியத்துக்கு அடிப்படையான 1982 சட்டம் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக எழுதப்பட்டது. ஐடியை முடக்கும் மென்பொருளை அதில் தேட முடியாது. ஸ்கூட்டர் கிடைத்தவரும் ஐடி போனால் தவணை கட்ட முடியாது.

இங்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்றால், ஐடி முடக்கம் மீதான முறையீட்டை விசாரிக்க அதிகாரிகள் வேண்டும், அதற்குச் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். நாளுக்கு 1,000 ரூபாயில் 1 சதவீதம் 10 ரூபாய், 1.5 லட்சம் பேருக்கு ஒருநாளில் 15 லட்சம். அதை நிறுவனங்களிடம் வசூலித்து, ஒரு பங்கை விசாரணைக்கு ஒதுக்கலாம்.